உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் வேதபாட வகுப்பில் அதிகம் வருவதில்லை. அங்கே எல்லோரும் விடை தெரிந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அடக்கம் முடிந்து வீடு திரும்பிய இரவில், போனில், தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். அப்படி என்னிடம் வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சபைக்குச் சபை கருத்து மாறும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு சொல் விளக்கம்: சீர்திருத்த சபையார் ‘உயிர்த்தெழுதல்’, ‘நித்திய ஜீவன்’ என்று சொல்வதைக் கத்தோலிக்கர் ‘உயிர்ப்பு’, ‘நிலைவாழ்வு’ என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

செத்தபின் ஆத்துமா பரலோகம் போகிறது. அதுதானே கிறிஸ்தவ நம்பிக்கை?

அது பாதிக் கதை. ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ‘ஆத்துமா பரலோகம் போவதை விசுவாசிக்கிறேன்’ என்று அதில் எங்கும் இல்லை. ‘சரீரம் உயிர்த்தெழுதல்’ என்றுதான் இருக்கிறது. கி.பி. 381-இல் முழு வடிவம் பெற்ற நிசேயா விசுவாசப் பிரமாணமும் மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் வரப்போகும் உலகின் வாழ்வையும் எதிர்பார்ப்பதாகத்தான் முடிகிறது.

கடவுள் நம்மை உடலோடுதான் படைத்தார். அந்த உடலைத் தூக்கி எறிந்துவிட்டு ஆவியை மட்டும் காப்பாற்றினால், மரணம் பாதி ஜெயித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? புதிய ஏற்பாட்டுக் கடிதங்கள் பலவற்றை எழுதிய பவுல் மரணத்தை நண்பன் என்றோ விடுதலை என்றோ அழைக்கவில்லை. ‘கடைசிச் சத்துரு’ என்கிறார் (1 கொரிந்தியர் 15:26). சத்துருவோடு சமரசம் கிடையாது. அவன் பிடுங்கியதை முழுதாகத் திரும்ப வாங்க வேண்டும்.

ஆத்துமா அழியாது என்று கிரேக்கர்களும் சொன்னார்களே. இதில் புதிதாக என்ன?

உடலும் எழும் என்பதுதான். அது அவர்களுக்குப் புதிது மட்டுமல்ல, அபத்தம். பிளேட்டோவின் வழியில் சிந்தித்தவர்களுக்கு உடல் ஒரு சிறை. சாவு என்பது கதவு திறப்பது. அப்படி நினைப்பவரிடம் போய் ‘உங்களுக்கு மறுபடியும் உடல் கிடைக்கும்’ என்றால் என்ன சொல்வார்? வெளியே வந்தவனை ஏன் திரும்ப உள்ளே தள்ளுகிறீர்கள் என்பார். பவுல் ஏதென்ஸில் பேசியபோது மரித்தோர் உயிர்த்தெழுதல் என்ற பேச்சு வந்ததும் சிலர் இகழ்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:32 சொல்கிறது. அதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான்.

மறுபிறவியோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மறுபிறவியில் அதே உயிர் வேறொரு உடலுக்கு, வேறொரு வாழ்க்கைக்குப் போகிறது. உயிர்த்தெழுதலில் நீங்களே, உங்கள் பெயரோடும் கதையோடும் எழுகிறீர்கள். மனிதர் சாவது ஒரே தரம் என்கிறது எபிரெயர் 9:27.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பழைய ஏற்பாட்டில் அதிகம் காணோமே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் இறந்தவர்கள் பாதாளத்துக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார் என்று ஆறாம் சங்கீதம் கடவுளிடமே கேட்கிறது. எசேக்கியேல் 37-இல் உலர்ந்த எலும்புகள் எழுந்து நிற்கின்றன. ஆனால் அது முதலாவதாகச் சிறைப்பட்டுப் போன ஒரு ஜனத்தைப் பற்றிய தரிசனம். ஏசாயா 26:19 இன்னும் நெருங்கி வருகிறது. பூமியின் தூளிலே நித்திரை பண்ணுகிறவர்கள் விழித்தெழுவார்கள் என்று தானியேல் 12:2-இல்தான் வெளிச்சமாக வருகிறது.

ஏன் இவ்வளவு தாமதம்? என் எண்ணம் இது: உயிர்த்தெழுதல் ஆறுதல் தேடிப் பிறந்த கருத்தல்ல, நியாயம் கேட்டுப் பிறந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கஸ் அரசன் யூதர்களைத் துன்புறுத்திய காலத்தைச் சொல்லும் 2 மக்கபேயர் 7-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள் (கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வேதாகமங்களில் இருக்கும்). ஏழு சகோதரர்களைத் தாயின் கண்ணெதிரே கொல்கிறார்கள். மூன்றாமவன் தன் கைகளை நீட்டி, இவற்றை விண்ணகக் கடவுளிடமிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே மீண்டும் பெறுவேன் என்கிறான். நல்லவனைச் சித்திரவதை செய்து கொன்ற பின்னும் கடவுள் நீதியுள்ளவர் என்று சொல்ல வேண்டுமானால், கணக்கு கல்லறையோடு முடியக்கூடாது.

இயேசுவின் காலத்து யூதப் பிரிவுகளில் பரிசேயர் இதை நம்பினார்கள், சதுசேயர் மறுத்தார்கள். ஏழு சகோதரர்களை வரிசையாக மணந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்லி, உயிர்த்தெழுதலில் அவள் யாருடைய மனைவி என்று சதுசேயர் மடக்கப் பார்த்தது இதனால்தான். இயேசு அவர்களுக்கு எரியும் முட்செடியிலிருந்து கடவுள் மோசேயிடம் பேசியதை வைத்தே பதில் சொன்னார்: ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர், மரித்தோருக்கு அல்ல, ஜீவனுள்ளோருக்குத் தேவன்.

லாசருவும்தான் எழுந்து வந்தார். இயேசு எழுந்ததில் என்ன தனிச் சிறப்பு?

இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசரு மறுபடி செத்தார். யோவான் இதைத் துணியை வைத்தே காட்டிவிடுகிறார். நாலு நாள் கல்லறையில் கிடந்த லாசரு வெளியே வரும்போது கைகால்கள் கட்டப்பட்டிருந்தன, முகத்தில் துணி சுற்றியிருந்தது. மற்றவர்கள்தான் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. இயேசுவின் கல்லறையிலோ துணிகள் அங்கேயே கிடந்தன, தலையில் சுற்றியிருந்த சீலை தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் கடந்து போனார். அதனால்தான் பவுல் இயேசுவை ‘முதற்பலன்’ என்கிறார். வயலில் முதல் கதிர் பழுத்துவிட்டதென்றால், மிச்ச அறுவடை வரப்போகிறது என்று அர்த்தம்.

எந்த மாதிரி உடலோடு எழுவோம்? எந்த வயதில்?

கொரிந்தியரும் இதையே கேட்டார்கள். பவுல் ‘புத்தியீனனே’ என்று ஆரம்பித்தாலும் பதில் சொல்லாமல் விடவில்லை. விதையைப் பாருங்கள் என்றார். கோதுமை மணியை மண்ணுக்குள் போடுகிறோம், வெளியே வருவது மணி அல்ல, பயிர். ஆனாலும் அந்த விதையின் பயிர்தான். தொடர்ச்சி இருக்கிறது, அச்சு அசலான நகல் இல்லை.

நமக்கு இருக்கும் ஒரே எடுத்துக்காட்டு, உயிர்த்தெழுந்த இயேசு. நற்செய்திகள் அவரைப் பற்றிச் சொல்வதை அருகருகே வைத்தால் விசித்திரமாக இருக்கும். பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அறிந்துகொள்கிறாள். எம்மாவூருக்குப் போன இருவரும் வழியெல்லாம் கூடவே நடந்தும் அப்பம் பிட்கும்போதுதான் கண்டுகொள்கிறார்கள். பேய்க்கதையாகவும் இல்லை, பிழைத்து வந்தவன் கதையாகவும் இல்லை. எழுதியவர்களுக்கே இதற்கு முன்மாதிரி கிடைக்காமல் திணறியது தெரிகிறது.

எனக்கு இதில் மிகப் பிடித்தது காயங்கள். தோமாவுக்குக் காட்டும்போது அவை இருக்கின்றன. மகிமையான உடலில் தழும்பு எதற்கு? பட்ட பாடு அழிக்கப்படவில்லை, ஆனால் இனி வலிப்பதில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பவுல் சொல்லும் ‘ஆவிக்குரிய சரீரம்’ என்றால் ஆவியால், புகைபோல ஏதோ ஒன்றால் ஆனது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர்ச் சக்கரம் தண்ணீரால் செய்ததல்ல, தண்ணீரால் சுழல்வது. அதுபோல இது தேவ ஆவியால் இயங்கும் உடல். வயதைப் பற்றி வேதம் எதுவும் சொல்லவில்லை.

எரித்துவிட்டால்? கடலில் காணாமல் போனவர்கள்?

இந்தப் பயம் பழையது. இந்தப் பயத்தை ஆயுதமாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. கி.பி. 177-இல் இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் கரைத்தார்கள். உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கைகூட அவர்களுக்கு மிஞ்சக்கூடாதாம். இதை எழுதி வைத்தது அதே சபையில் உயிரோடு மிஞ்சியவர்கள். அவர்களுடைய நம்பிக்கை நதியோடு போய்விடவில்லை.

மனிதரை மனிதர் தின்றுவிட்டால் அந்தச் சதை யாருக்கு என்ற கேள்வி வரைக்கும் அகஸ்தீன் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். சுருக்கமாக: இல்லாததிலிருந்து உலகைப் படைத்தவருக்குச் சிதறியதைச் சேர்ப்பது பெரிய வேலையல்ல. புதைத்த உடலும் காலப்போக்கில் மண்ணாகத்தானே போகிறது?

நடைமுறையில், கத்தோலிக்க திருச்சபை 1963-இல் எரிப்பதற்கு அனுமதி தந்தது. அடக்கம் செய்வதையே இன்னும் விரும்புகிறது. சாம்பலைத் தூவக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் மீண்டும் வலியுறுத்தியது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாக எரிப்பதை ஏற்பதில்லை. சீர்திருத்த சபைகள் பெரும்பாலும் குடும்பத்தின் முடிவுக்கு விட்டுவிடுகின்றன.

இறந்த நேரத்துக்கும் கடைசி நாளுக்கும் நடுவில் அம்மா எங்கே இருக்கிறார்கள்?

போனில் வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். எப்போதும் இப்படித்தான் வரும். ‘ஆத்துமா எங்கே’ என்று யாரும் கேட்பதில்லை, ‘அம்மா எங்கே’ என்றுதான்.

பெரும்பாலான சபைகளின் பதில்: கிறிஸ்துவோடு இருக்கிறார்கள். பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் இயேசு, ‘இன்றைக்கு’ நீ என்னோடு பரதீசில் இருப்பாய் என்றார். தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனே இருப்பது அதிக நன்மை என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். ஆனால் அது இறுதி நிலை அல்ல, காத்திருப்பு. அமைதியான, பாதுகாப்பான காத்திருப்பு.

கத்தோலிக்கர் இதோடு உத்தரிக்கிற ஸ்தலத்தையும் சேர்ப்பார்கள்: கிருபையில் மரித்தும் இன்னும் தூய்மை தேவைப்படுகிறவர்கள் சுத்திகரிக்கப்படும் நிலை. நவம்பர் 2 அன்று கல்லறைகளில் ஜெபிப்பது இதனால்தான். சீர்திருத்த சபையார் இதை ஏற்பதில்லை. செவந்த் டே அட்வென்டிஸ்ட் சபையார், மரித்தவர் எதையும் உணராமல் உறங்குகிறார், விழிக்கும்போது அடுத்த நொடிபோல் இருக்கும் என்பார்கள். ஆத்துமா உறங்குகிறது என்ற கருத்தை எதிர்த்துச் சீர்திருத்தத் தலைவர் கால்வின் ஒரு தனி நூலே எழுதினார், ஆக இந்தச் சண்டையும் புதிதல்ல. உறக்கமோ விழிப்போ, அம்மா தொலைந்துபோகவில்லை என்பதில் இவர்களுக்குள் சண்டை இல்லை.

நாலு நற்செய்திகளும் கல்லறைக் காட்சியை வேறு வேறாகச் சொல்கின்றனவே?

ஆமாம். எத்தனை பெண்கள், தூதர் ஒருவரா இருவரா என்பதெல்லாம் மாறுகிறது. மாற்கின் மிகப் பழைய கைப்பிரதிகள் பெண்கள் பயந்து ஓடுவதோடு, 16:8-இலேயே நின்றுவிடுகின்றன. இவற்றை ஒட்டிச் சரிசெய்ய நான் மெனக்கெடுவதில்லை. நாலும் ஒத்துப்போவது இவற்றில்: கல்லறை காலி, முதலில் பார்த்தவர்கள் பெண்கள், யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவாக இருந்த காலத்தில் கட்டுக்கதை எழுதுகிறவர் அவர்களை முன்னால் நிறுத்தியிருக்க மாட்டார். நற்செய்திகளுக்கு முன்பே, கி.பி. 50-களின் நடுவில் எழுதிய கடிதத்தில் பவுல் ஐந்நூறுக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். இது கணித நிரூபணம் அல்ல. ஆனால் போய்க் கேட்டுப் பார் என்று சொல்லும் தைரியம் அதில் இருக்கிறது.

முடிவே இல்லாமல் வாழ்ந்தால் சலித்துப்போகாதா?

நித்திய ஜீவனை நீளத்தால் மட்டும் அளந்தால் சலிக்கும்தான். ஒரு மதியப் பிரசங்கமே சிலருக்கு நித்தியமாகத் தெரிகிறது. யோவான் 17:3 வேறு அளவுகோல் தருகிறது: மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்திய ஜீவன். அறிவது என்றால் தகவல் அல்ல, உறவு. அந்த அறிதல் இப்போதே தொடங்கிவிடுகிறது. யோவான் 5:24 அதை இனிமேல் நடக்கப்போவதாகச் சொல்லாமல், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறான் என்கிறது.

நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த நிசாவின் கிரகோரி இதற்கு அழகான பதில் சொன்னார். கடவுள் எல்லையற்றவர் என்றால், அவரை அறிவதற்கும் எல்லை இல்லை. ஆகவே நித்தியம் என்பது வந்து சேர்ந்து உட்கார்ந்துவிடுவதல்ல, வளர்ந்துகொண்டே போவது.

மேகத்தில் உட்கார்ந்து யாழ் மீட்டும் படத்தை மறந்துவிடுங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிக் காட்சியில் மனிதர் மேலே போவதில்லை, நகரம் கீழே இறங்கி வருகிறது. ‘இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்’ என்கிறது குரல். புதிதாகச் சில பொருட்களை உண்டாக்குகிறேன் என்று சொல்லவில்லை. அப்படியானால் இந்த மண்ணும் மரமும் குப்பைக்குப் போவதல்ல. சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்று ரோமர் 8 சொல்வதும் அதைத்தான்.

அங்கே கணவன் மனைவி ஒருவரை ஒருவர் அறிவார்களா?

அறிவார்கள் என்றே நம்புகிறேன். மரியாளை இயேசு பெயர் சொல்லி அழைத்தார் என்பதே எனக்குப் போதும். கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பலர் கலங்குகிறார்கள். அங்கே திருமணம் என்ற ஏற்பாடு நிற்கும் என்கிறாரே தவிர, அன்பு குறையும் என்று சொல்லவில்லை.

விசுவாசிக்காமல் இறந்துபோன அப்பா?

நியாயத்தீர்ப்பு உண்டு என்பதை வேதம் மறைக்கவில்லை. நன்மை செய்தவர்களும் தீமை செய்தவர்களும் எழுந்திருப்பார்கள் என்று யோவான் 5:29 சொல்கிறது. அதற்கு மேல் கிறிஸ்தவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. முடிவில்லாத ஆக்கினை என்பதே பெரும்பான்மைப் போதனை. ஜீவனை மறுத்தவர்கள் இறுதியில் இல்லாமல் போவார்கள் என்பவர்கள் உண்டு. மேலே சொன்ன கிரகோரி, எல்லோரும் கடைசியில் மீட்கப்படுவார்கள் என்றே எதிர்பார்த்தார். பெரும்பாலான சபைகள் அதை ஏற்கவில்லை. தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், ஆனால் நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்பு அடையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அறிவித்தது.

என் நிலை: தீர்ப்பு நம் கையில் இல்லை, தீர்ப்புச் சொல்கிறவர் உங்கள் அப்பாவை உங்களைவிட அதிகம் நேசிக்கிறவர். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இன்னார் நரகத்துக்குப் போனார் என்று அறிவிக்கும் அதிகாரம் எந்தப் பிரசங்கிக்கும் கொடுக்கப்படவில்லை.

தற்கொலை செய்துகொண்டவருக்கு நம்பிக்கை இல்லை என்கிறார்களே?

அப்படிச் சொல்லிக் குடும்பங்களை நொறுக்கியிருக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நம்பிக்கையிழக்கக் கூடாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்கிறது. கடுமையான மன நோயும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும் என்றும் சொல்கிறது. மரணமானாலும் ஜீவனானாலும் தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்று பவுல் எழுதியபோது எந்த வகை மரணத்தையும் விலக்கி வைக்கவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் வருகிறதென்றால், இப்போதே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

நம்பிக்கை உள்ளவர்கள் அழலாமா?

ஒரு அடக்க ஆராதனையில், கணவனை இழந்து இரண்டு நாள் ஆன பெண்ணிடம் ஒருவர் வந்து, ‘அழாதீங்கம்மா, இது சந்தோஷப்பட வேண்டிய நேரம்’ என்றார். அவர் கெட்டவரல்ல. ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகு பல மாதம் யாரிடமும் மனம்விட்டுப் பேசவில்லை.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைச் சரியாகப் படிக்க வேண்டும். ‘துக்கப்படாதீர்கள்’ என்று அவர் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றார். இயேசுவையே பாருங்கள். இன்னும் சில நிமிடத்தில் லாசருவை எழுப்பப்போகிறார், அது அவருக்குத் தெரியும். லாசருவின் சகோதரி மார்த்தாளிடம் ‘நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்’ என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இன்னொரு சகோதரி மரியாள் அழுவதைக் கண்டதும் கலங்குகிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல்லில் கோபத்தின் சாயலும் உண்டு, குதிரை சீறுவதற்குச் சொல்லும் சொல். சாவைப் பார்த்துச் சீறினார். பிறகு ‘இயேசு கண்ணீர் விட்டார்.’

கிரகோரியின் கதைக்கு மறுபடி வருகிறேன். 379-இல் அண்ணன் பசிலை இழந்த துக்கத்தோடு, அக்கா மக்ரினாவைப் பார்க்கப் போனார். அவளோ மரணப்படுக்கையில். ஆயர் பட்டம் பெற்றவர் அங்கே உடைந்து அழுதார். அக்கா உடனே போதிக்கத் தொடங்கவில்லை. தேர்ந்த குதிரைக்காரர்போலக் கடிவாளத்தைத் தளர்த்தி, துக்கம் ஓடுகிற தூரம் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டாள், அப்புறம்தான் பிடித்தாள் என்று கிரகோரியே எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் உயிர்த்தெழுதலைப் பற்றிய அவர்களுடைய உரையாடல்.

இந்த உயிர்த்தெழுதல் எப்போது நடக்கும்?

அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32 சொல்கிறது. அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் கிறிஸ்து 1844 அக்டோபர் 22-இல் திரும்பி வருவார் என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள். 23-ஆம் தேதியும் விடிந்தது. யூடியூபில் தேதி சொல்கிறவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

எனக்குச் சந்தேகம் வருகிறது. நான் விசுவாசிதானா?

மத்தேயு 28:17-ஐப் பாருங்கள். உயிர்த்தெழுந்தவரை நேரில் கண்டு பணிந்துகொண்ட கூட்டத்திலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள். அவர்களை இயேசு வெளியே அனுப்பவில்லை. அடுத்த வசனங்களில் அவர்களையும் சேர்த்தே வேலைக்கு அனுப்புகிறார்.

மரணப்படுக்கையில் இருப்பவரிடம் என்ன பேசுவது? எதை வாசிப்பது?

விளக்கம் எதுவும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் அங்கே கொண்டுபோக வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சு நின்ற பிறகும் காது கேட்கக்கூடும், அதனால் சொத்து விவகாரத்தைப் பக்கத்தில் நின்று பேசாதீர்கள். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடமான பகுதியாகத் தேர்ந்தெடுங்கள்: 23-ஆம் சங்கீதம், யோவான் 14-இன் தொடக்கம், கர்த்தருடைய ஜெபம். வசனத்துக்கு வசனம் நிறுத்தி, மெதுவாக வாசியுங்கள். சில நேரம் அவருடைய உதடுகள் கூடவே அசையும். அப்போது உங்கள் குரலைத் தணித்துக்கொண்டு, அவரை முன்னால் போகவிடுங்கள்.